பழைய மாணவர் விடுதிகளைப் புதுப்பித்தலும் தீயணைப்பு நீர்தெளிப்பான்களும்

பள்ளியொன்றின் பழைய விடுதியைப் புதுப்பிக்கத் திட்டமிடுங்கால், தளம், கதவு, கழிப்பிடம், மின்கம்பி, வண்ணப்பூச்சு ஆகியவையே முதற்கண் நினைவிற்கு வருகின்றன. கூரையை ஒட்டிச் செல்லும் நீர்க்குழாயும், அதில் ஆங்காங்கே பொருத்தப்பட்டுள்ள சிறிய உலோகத் தலைகளும் எவருடைய கவனத்தையும் ஈர்ப்பதில்லை. அவை ஆண்டுக்கணக்கில் யாதொரு வேலையும் செய்யாமல் இருப்பவை. ஏதேனும் ஒரு நாள், சில நிமிடங்களுக்கு மட்டும் வேலை செய்ய வேண்டியவை. அச்சில நிமிடங்களில் அவை தவறுமாயின், தவற்றைத் திருத்திக்கொள்ள மறுவாய்ப்புக் கிடைப்பதில்லை.

விடுதிகளைப் பார்வையிடும் களப்பணியாளரும், விடுதிக் காப்பாளராகவும் பணியாற்றும் ஆசிரியரும், புதுப்பிக்கும் வேலையின்போது இவ்வமைப்பில் எவற்றைக் கவனித்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கூற விழைவது ஒன்றே. நீர்தெளிப்பான் அமைப்பு ஒரு குறிப்பிட்ட அறைக்காகக் கணக்கிட்டு அமைக்கப்படுவது. அறை மாறினால் அமைப்பும் மாறவேண்டும். மாறாவிடில், சுவரில் தலை இருக்கும். அறையில் பாதுகாப்பு இராது.

உறங்குவோர் வாழும் கட்டடம்

வகுப்பறையில் தீப்பற்றினால் விழித்திருக்கும் பலர் அதனை உடனே காண்பர். விடுதியிலோ, தீ யாவரும் உறங்கும் வேளையிலும் தோன்றக்கூடும். மெத்தை, போர்வை, கொசுவலை, புத்தகம், மரப்பெட்டி ஆகியவை விரைவில் எரியக்கூடியவை. கொசுவர்த்திச் சுருள், பழுதுற்ற மின்கம்பி, கைப்பேசிக்கு மின்னேற்றும் கருவி, நீர் காய்ச்சும் மின்கோல் ஆகியவை தீயின் தோற்றுவாய்களாகின்றன. உறங்குவோரை முதலில் அடைவது சுவாலையன்று; புகையே ஆகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரை விழிக்கவிடாமலே நினைவிழக்கச் செய்ய வல்லது.

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தைச் சேர்ந்த சீட்டன் ஹால் பல்கலைக்கழகத்தில், 1952-இல் கட்டப்பட்ட மாணவர் விடுதி ஒன்றில் 2000-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் விடியற்காலையில் தீப்பற்றியது. மூன்றாம் மாடியின் பொதுக்கூடத்தில் எழுந்த அத்தீயினால் மாணவர் மூவர் உயிரிழந்தனர். ஐம்பதிற்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அக்கட்டடத்தில் நீர்தெளிப்பான் இல்லை. அதற்குமுன் பலமுறை பொய்யாக ஒலித்திருந்தமையால், அன்று ஒலித்த அபாயமணியையும் மாணவர் சிலர் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டில் அம்மாநிலம், பழையவை உள்ளிட்ட எல்லா மாணவர் விடுதிகளிலும் நான்கு ஆண்டுகளுக்குள் நீர்தெளிப்பான் அமைக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது.

நம் நாட்டில், 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் பற்றிய தீ, கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைப் பலி கொண்டது. அது விடுதி அன்றாயினும், பள்ளிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்பைப் பற்றி நாடு முழுவதும் சிந்திக்க வைத்தது. பாதுகாப்பான பள்ளியில் பயில்வதும் கல்வி உரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2016-இல் வெளியிட்ட தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நான்காம் பகுதி, தீப்பாதுகாப்பைப் பற்றியது. அது விடுதிகளைக் கல்விக் கட்டடங்களுடன் சேர்க்காமல், குடியிருப்புக் கட்டடங்களின் வகையில் சேர்த்திருப்பது கவனிக்கத்தக்கது. மக்கள் உறங்கும் இடம் என்பதே இதன் காரணம்.

தெளிப்பான் இயங்கும் முறை

தானே இயங்கும் நீர்தெளிப்பானுக்கு 1874-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஹென்றி பார்மலீ என்பவர். தமது பியானோத் தொழிற்சாலையைத் தீயினின்று காக்கவே அவர் அதனை அமைத்தார். பின்னர் பிரெடரிக் கிரின்னெல் என்பவர் அதனைச் செம்மைப்படுத்தினார். அன்று முதல் இன்றுவரை தத்துவம் ஒன்றே. நீர் நிரம்பிய குழாயின் வாயை ஒரு மூடி அடைத்திருக்கும். அம்மூடியை இருத்தியிருப்பது, வெப்பத்தால் உருகும் உலோகப் பற்றோ, திரவம் நிரம்பிய சிறு கண்ணாடிக் குமிழோ ஆகும். தீயின் வெப்பம் கூரையை அடைந்து அங்குப் பரவும்போது குமிழிலுள்ள திரவம் விரிவடைகிறது, குமிழ் உடைகிறது, மூடி விழுகிறது, நீர் தகட்டில் மோதிக் குடைபோல் விரிந்து பொழிகிறது.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகும். முதலாவது, தெளிப்பானை இயக்குவது வெப்பமேயன்றிப் புகையன்று. இரண்டாவது, ஒவ்வொரு தலையும் தனித்தனியே இயங்குகிறது. ஒரு மூலையில் தீப்பற்றினால் கட்டடம் முழுவதும் நீர் கொட்டும் என்று பலர் அஞ்சுவது தவறாகும். தீக்கு மேலுள்ள ஒன்றோ சில தலைகளோ மட்டுமே திறக்கும்.

குமிழிலுள்ள திரவத்தின் நிறம், அது உடையும் வெப்பநிலையைக் காட்டும். செம்மஞ்சள் 57°, சிவப்பு 68°, மஞ்சள் 79°, பச்சை 93°, நீலம் 141° சென்டிகிரேடு எனக் கொள்க. அறையில் இயல்பாக ஏற்படக்கூடிய மிக உயர்ந்த வெப்பநிலையைக் காட்டிலும் ஏறத்தாழ 30° மிகையாகத் தலையைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். காரைபூசிய கூரையுள்ள அறைக்குச் சிவப்பு போதுமானது. கோடையில் தகரக்கூரையின் அடியில் வெப்பம் 45° அளவுக்கு உயருமாயின் மஞ்சளும், 55° அளவுக்கு உயருமாயின் பச்சையும் வேண்டும். ஆகவே, புதுப்பிக்கும்போது ஓட்டுக்கூரைக்குப் பதிலாகத் தகரக்கூரை போடப்பட்டால், தலையின் நிறத்தையும் மறுமுறை ஆராய்தல் வேண்டும்.

குமிழின் பருமனும் முக்கியமானது. பழைய தலைகளில் காணப்படும் 5 மில்லிமீட்டர் குமிழைவிட, விரைந்து இயங்கும் தலைகளிலுள்ள 3 மில்லிமீட்டர் குமிழ் வெப்பத்தை விரைவில் ஏற்று உடைகிறது. உறங்கும் அறைகளுக்கு இவ்வகையே ஏற்றது. ஒரே அறையில் இருவகைகளையும் கலந்து பொருத்தலாகாது. தீக்கு அருகிலுள்ள பழைய தலை திறக்குமுன், தொலைவிலுள்ள புதிய தலை திறந்து நீரை வீணாக்கக்கூடும்.

பழைய தலைகளை ஆராய்தல்

முதல் வேலை, ஏணி வைத்து ஒவ்வொரு தலையையும் நேரில் காண்பதாகும். கீழ்க்கண்டவற்றுள் ஏதேனும் ஒரு குறை காணப்பட்டாலும் அத்தலையை அகற்றிப் புதியது பொருத்துதல் வேண்டும்.

(1) சுண்ணாம்போ வண்ணமோ படிந்திருத்தல். நம் விடுதிகளில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. வெள்ளையடிப்பவர் கூரையோடு தலையையும் சேர்த்துப் பூசிவிடுகிறார். பூச்சு, வெப்பம் குமிழை அடைவதைத் தாமதப்படுத்துகிறது. மூடியை ஒட்டவைத்து விழாமலும் தடுக்கிறது. பூச்சைச் சுரண்டியெடுத்து அதே தலையைப் பயன்படுத்த முயல்வது தவறு. சுரண்டும்போது குமிழில் தோன்றும் நுண்ணிய கீறல் கண்ணுக்குப் புலனாகாது.

(2) துரு, களிம்பு, நீர்க்கசிவு ஆகியவற்றின் அடையாளம்.

(3) குமிழில் திரவம் குறைந்தோ இல்லாமலோ இருத்தல்.

(4) தகடு வளைந்திருத்தல். மாணவர் துணி உலர்த்தக் கயிறு கட்டுவதால் இது நேர்கிறது.

(5) முதுமை. தலையின் மீது அது செய்யப்பட்ட ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். சாதாரணத் தலைகள் 50 ஆண்டுகளை அடைந்தபின் அவற்றை மாற்றவேண்டும், அல்லது சிலவற்றைக் கழற்றி ஆய்வுக்கூடத்தில் சோதிக்கவேண்டும் என்பது அமெரிக்கத் தரக்குறிப்பின் விதி. நான்கு தலைகள் அல்லது மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்று, இவற்றுள் எது மிகுதியோ அத்தனை தலைகளைச் சோதனைக்கு அனுப்புதல் வேண்டும்.

வெளித்தோற்றத்தில் குறையற்ற தலையும் உள்ளே பழுதுற்றிருக்கக்கூடும். ரப்பர் வளையம் பொருத்திய ஒருவகைத் தலைகள் நாளடைவில் ஒட்டிக்கொண்டு, தீயின்போது திறவாமற்போகும் என்று கண்டறியப்பட்டு, அமெரிக்காவில் 2001-இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடித் தலைகள் திரும்பப் பெறப்பட்டன. எனவே, தலையின் வகையையும் ஆண்டையும் குறித்துவைப்பது வெறும் ஏட்டு வேலையன்று.

அறை மாறினால் அமைப்பும் மாறும்

ஓர் எடுத்துக்காட்டினால் இதனை விளக்குவோம். 18 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள பெரிய உறங்குகூடம் ஒன்றைக் கருதுக. அதில் இரண்டு வரிசைகளில், வரிசைக்கு நான்காக எட்டுத் தலைகள் உள்ளன. நீளவாட்டில் அவை சுவரிலிருந்து 2.25, 6.75, 11.25, 15.75 மீட்டர் தொலைவுகளில் அமைந்துள்ளன. ஒரு தலைக்கும் மற்றொரு தலைக்கும் இடையே 4.5 மீட்டர், கடைசித் தலைக்கும் சுவருக்கும் இடையே 2.25 மீட்டர். இடர் குறைந்த கட்டடங்களில் தலைகளுக்கிடையே 4.6 மீட்டரும், சுவருக்கு அதில் பாதியாகிய 2.3 மீட்டரும் பொதுவான உச்ச அளவாதலின், இவ்வமைப்பு முற்றும் சரியானது.

இக்கூடத்தை 6 மீட்டர் நீளமுள்ள மூன்று அறைகளாகத் தடுத்துவிட்டனர் எனக் கொள்வோம். மேற்பார்வையிடுபவர் ஒவ்வோர் அறையிலும் தலை இருப்பதைக் கண்டு மனநிறைவடைவார். ஆயினும், முதல் அறையிலுள்ள தலை புதிய தடுப்புச் சுவரிலிருந்து 3.75 மீட்டர் தொலைவில் உள்ளது. அச்சுவரை ஒட்டிய கட்டில்களின்மீது போதிய நீர் விழாது. மூன்றாம் அறையின் நிலையும் அதுவே. நடு அறையில் மட்டும் நான்கு தலைகள் உள்ளன. எட்டுத் தலைகளும் புத்தம் புதியனவாயினும், இரண்டு அறைகளில் உறங்குவோர் முழுப் பாதுகாப்பின்றி இருப்பர்.

இதற்கு மாறாக, சிறு அறைகளின் சுவர்களை இடித்துக் கூடமாக்கும்போது தலைகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கிவிடுவதுண்டு. 1.8 மீட்டருக்கும் குறைவான இடைவெளியில் இரண்டு தலைகள் இருப்பின், முதலில் திறந்த தலையின் நீர் அடுத்ததை நனைத்துக் குளிர்வித்து, அது திறவாதபடி செய்துவிடும்.

பொய்க்கூரை அமைப்பதும் இத்தகைய கேட்டை விளைவிக்கும். பழைய கூரையை ஒட்டிய தலைகளை அப்படியே விட்டு அதன்கீழ்ப் பொய்க்கூரை அமைத்தால், தீயின் வெப்பம் தலையை அடையாது. நீரும் அறையை அடையாது. பொய்க்கூரையை அகற்றினாலோ, தலைகள் உண்மைக் கூரையிலிருந்து வெகுவாகத் தாழ்ந்து தொங்கும். வெப்பக்காற்று அவற்றுக்கு மேலாகவே பரவிச் சென்றுவிடும். சமதளக் கூரையில், தலையின் தகடு கூரைக்குக் கீழே 2.5 முதல் 30 சென்டிமீட்டருக்குள் இருத்தல் வேண்டும்.

இடமின்மையால் தனிக்கட்டில்களுக்குப் பதிலாக இருஅடுக்குக் கட்டில்கள் போடும்போது, மேற்கட்டிலின் கொசுவலைச் சட்டம் நீரை மறைக்கும். அலமாரிமீது அடுக்கப்படும் பெட்டிகளும் அவ்வாறே. தகட்டிற்குக் கீழே ஏறத்தாழ 46 சென்டிமீட்டர் இடைவெளி எவ்விடத்தும் காலியாக இருத்தல் வேண்டும். மின்விசிறிக்கு அண்மையில் தலை அமைந்தால் அதன் உடலும் இறக்கைகளும் நீரைத் தடுக்கும். விசிறிகளுக்கு இடைப்பட்ட இடமே தலைக்கு ஏற்றது.

நீரும் அழுத்தமும்

தலைகளை ஒழுங்குபடுத்தினால் மட்டும் போதாது. அவற்றுக்கு வேண்டிய நீர் வேண்டிய அழுத்தத்தில் வந்து சேரவேண்டும். ஒரு சதுர மீட்டர் பரப்பின்மீது நிமிடத்திற்கு 1 மில்லிமீட்டர் நீர் பொழிவது என்றால், நிமிடத்திற்கு 1 லிட்டர் விழுவதாகப் பொருள். விடுதி போன்ற இடர் குறைந்த கட்டடங்களுக்கு அமெரிக்கத் தரக்குறிப்பு நிமிடத்திற்கு ஏறத்தாழ 4.1 மில்லிமீட்டர் எனக் கொள்கிறது. நம் நாட்டு வேலைகளுக்கு இந்தியத் தரம் 15105-ஐப் பின்பற்ற வேண்டுமாயினும், கணக்கின் முறையை அறிய இவ்வெண்ணை எடுத்துக்கொள்வோம்.

முன்னர்க் கூறிய கூடத்தில் ஒரு தலை காக்கவேண்டிய பரப்பு 4.5 × 3.5 = 15.75 சதுர மீட்டர். ஆகவே ஒரு தலையிலிருந்து நிமிடத்திற்கு ஏறக்குறைய 65 லிட்டர் நீர் வரவேண்டும்.

தலையிலிருந்து வரும் நீரின் அளவைக் காண எளிய வழி உண்டு. ஒவ்வொரு தலைக்கும் ‘கே’ எண் ஒன்று உண்டு. மிகுதியாக வழங்குவது 80. பார் அளவில் கூறப்படும் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைக் ‘கே’ எண்ணால் பெருக்கினால், நிமிடத்திற்கு எத்தனை லிட்டர் என்பது கிடைக்கும். 65 லிட்டர் வேண்டுமாயின் தலையில் 0.66 பார் அழுத்தம் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

மூன்று தளங்கள் உள்ள விடுதியில், மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் மேல்தளத் தலைகளுக்கு 4 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். 10 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ 1 பார் என்ற கணக்கில் அங்கு 0.4 பார் அழுத்தமே உண்டு. குழாயில் இழப்பே இல்லையெனக் கொண்டாலும் 51 லிட்டருக்கு மேல் வராது. தரைத்தளத் தலைகள் இவற்றுக்கும் 7 மீட்டர் கீழே உள்ளன, அங்கு 1.1 பார் அழுத்தமும், தனித்திறந்த ஒரு தலையில் 84 லிட்டர் நீரும் கிடைக்கும். ஆகத் தரைத்தளத்தில் குழாயைத் திறந்து பார்த்து ‘நீர் நன்றாக வருகிறது’ என்று சான்றளிப்பது, மேல்தளத்தில் உறங்குவோருக்கு இழைக்கும் தீங்காகும். சோதனை எப்பொழுதும் மிக உயர்ந்த, மிகத் தொலைவான தலையின் பக்கத்திலேயே செய்யப்பட வேண்டும். அங்கு அழுத்தம் குறையுமாயின் தனிப்பம்பு ஒன்றும், மின்சாரம் தடைப்பட்டபோது அதனை இயக்க வேறு வழியும் இன்றியமையாதவை.

தொட்டியிலுள்ள நீரைக் குளிப்பதற்கும் துவைப்பதற்கும் பயன்படுத்திவிட்டால் இரவில் தீயணைக்க எஞ்சுவது யாது? ஒரே தொட்டியே பயன்படுமாயின், வீட்டுப் பயனுக்குரிய குழாய் வாயை உயர்த்தி அமைத்து, அதற்குக் கீழுள்ள நீர் தீயணைப்பிற்கென்றே எஞ்சும்படி செய்தல் வேண்டும். எவருடைய நினைவாற்றலையும் நம்பியிராத ஏற்பாடு இது.

பழைய குழாய்கள்

பல ஆண்டுகள் நீர் தேங்கிய இரும்புக்குழாயின் உட்புறத்தில் துருவும் கசடும் படிந்து துளை குறுகிவிடும். துளை சிறிது குறுகினாலும் அழுத்த இழப்புப் பன்மடங்காகும். 25 மில்லிமீட்டர் துளை 20 மில்லிமீட்டராகக் குறுகின், அதே அளவு நீர் செல்வதற்கு ஏற்படும் இழப்பு ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. ஆதலின் பழைய கிளைக்குழாயில் புதிய தலைகளைக் கூட்டிக்கொண்டே செல்வது ஆகாது. ஒன்றிரண்டு இடங்களில் குழாயைக் கழற்றி உட்புறத்தை ஆராய்ந்து, கசடு மிகுந்திருப்பின் மாற்றியமைத்தல் வேண்டும். வேலை முடிந்தபின், குழாய்களை நீரால் நன்கு கழுவி, ஏறத்தாழ 14 பார் அழுத்தத்தில் 2 மணி நேரம் கசிவின்றி நிற்கின்றனவா எனச் சோதிப்பது அமெரிக்க வழக்கம்.

வேலை நடைபெறும் காலம்

புதுப்பிக்கும் காலமே விடுதிக்கு மிக அபாயமான காலம். பற்றவைக்கும் கருவி, மரத்துண்டு, வண்ணத்தைக் கரைக்கும் திரவம் ஆகியவை கட்டடத்தினுள் வந்து சேர்கின்றன. அதே வேளையில் குழாய் வேலைக்காக முதன்மை வால்வு மூடப்படுகிறது. மாலையில் வேலையாட்கள் சென்றுவிட, வால்வைத் திறக்க மறந்துவிடின், மாணவர் பாதுகாப்பின்றி உறங்குகின்றனர். பார்ப்பதற்குத் தலைகள் யாவும் அவ்விடத்திலேயே உள்ளன. நீர் மட்டும் இல்லை.

இதனைத் தவிர்க்கச் சிறந்த வழி, கோடை விடுமுறையில் வேலையைச் செய்வதாகும். இயலாதபோது, பகுதி பகுதியாகச் செய்து, மாணவர் உறங்கும் பகுதிக்கு நீர் தடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இருபத்து நான்கு மணி நேரத்தில் பத்து மணிக்கு மேல் அமைப்பு செயலற்றிருப்பின், அப்பகுதியைக் காலி செய்தல் அல்லது இரவு முழுவதும் விழித்துச் சுற்றிவரும் காவலை ஏற்படுத்துதல் போன்ற மாற்று ஏற்பாட்டை அமெரிக்கத் தரக்குறிப்பு வற்புறுத்துகிறது. மூடிய வால்வில் ஓர் அட்டையைக் கட்டி, மூடியவர் பெயர், நேரம், திறக்கவேண்டிய நேரம் ஆகியவற்றை எழுதுக. ஒவ்வொரு மாலையும் விடுதிக் காப்பாளர் தாமே சென்று வால்வைப் பார்த்துக் கையொப்பமிடுவது நலம்.

தெளிப்பான் இல்லாத விடுதிகள்

நம் பழைய விடுதிகள் பலவற்றில் நீர்தெளிப்பானே இல்லை. கூரையும் தளமும் திறந்து கிடக்கும் புதுப்பிப்புக் காலமே அதனை அமைக்கக் குறைந்த செலவுடைய காலம் என்பதை நிர்வாகத்தாருக்கு எடுத்துரைத்தல் வேண்டும். மாநிலத் தீயணைப்புத் துறையினரின் கருத்தை, வரைபடம் தயாராகும் நிலையிலேயே பெறுதல் சிறந்தது.

ஆயினும், தெளிப்பான் எவ்விடத்தும் கதவிற்கு ஈடாகாது. 2001 மார்ச்சு மாதத்தில் கென்யா நாட்டின் கியாங்குலி பள்ளி விடுதியில் தீவைக்கப்பட்டபோது 67 மாணவர் மாண்டனர். அவ்விடுதியின் ஒரு கதவு பூட்டப்பட்டிருந்தது. சன்னல்களுக்குக் கம்பிகள் இருந்தன. திருட்டுக்கு அஞ்சியும், மாணவர் இரவில் வெளிச்செல்வதைத் தடுக்கவும் நாமும் கதவைப் பூட்டி, கம்பி வைக்கிறோம். புதுப்பிக்கும்போது, உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும் கதவுகளையும், இரு திசைகளில் வெளியேறும் வழிகளையும் அமைத்த பின்னரே தெளிப்பானைப் பற்றிப் பேசுதல் தகும்.

பயிற்சி

ஆசிரியர்கள் கீழ்க்கண்டவற்றை மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு செய்விக்கலாம். தாம் உறங்கும் இடத்தின் பாதுகாப்பைத் தாமே அளந்தறிவதைவிடச் சிறந்த பாடம் அரிது.

1. விடுதி அறையின் நீள அகலங்களை அளந்து வரைபடம் வரைக. தலைகளின் இடங்களைக் குறித்து, சுவருக்கும் அவற்றுக்கும் உள்ள தொலைவைக் காண்க. எந்தக் கட்டில் மிகத் தொலைவில் உள்ளது?

2. ‘கே’ எண் 80 உள்ள தலைக்கு 5 மீட்டர் உயரத்தில் தொட்டியின் நீர்மட்டம் உள்ளது. குழாயில் இழப்பு இல்லையெனின் நிமிடத்திற்கு எவ்வளவு நீர் வரும்? (விடை: ஏறத்தாழ 57 லிட்டர்.)

3. அத்தலை 12 சதுர மீட்டர் பரப்பைக் காக்கவேண்டுமாயின், நிமிடத்திற்கு எத்தனை மில்லிமீட்டர் நீர் பொழியும்? (விடை: ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர்.)

4. முதன்மை வால்வு எங்குள்ளது? அது இப்பொழுது திறந்துள்ளதா? கடைசியாக அதனைப் பார்த்தவர் யார்?

நான்காம் வினாவிற்குக் கணக்கு வேண்டுவதில்லை. ஆயினும் விடுதியிலுள்ள எவராலும் அதற்கு உடனே விடை கூற இயலாதெனில், மற்றக் கணக்குகள் எவ்வளவு திருத்தமாயிருப்பினும் பயனில்லை. ஆகவே, களப்பணியாளர் தம் பார்வையை அவ்வினாவிலிருந்தே தொடங்குவாராக.